கழிவைக் குறைக்கும் கல்வி

நமது கிராமப் பள்ளிகள் பலவற்றில் காலை மணி அடிப்பதற்கு முன் வளாகம் பெருக்கப்படுகிறது. சருகு, காகிதம், மிட்டாய் உறை, பழைய பேனா ஆகிய எல்லாம் சுற்றுச்சுவரின் ஒரு மூலையில் குவிக்கப்படுகின்றன. பிறகு தீ வைக்கப்படுகிறது. வளாகம் சுத்தமாகி விட்டது என்று யாவரும் எண்ணுகிறோம். பிள்ளைகள் அப்புகையினூடே வரிசையில் நின்று, சுற்றுப்புறத்தைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்துக்கொள்வதும் உண்டு.

எரிப்பதால் கழிவு ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. பிளாஸ்டிக் பொருள்களுள் குளோரின் கலந்த வகை எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. எரியாமல் எஞ்சியது காற்றில் பறந்து அண்டை வயலில் விழுகிறது. ஆகவே குப்பையைக் கூட்டுவதும் எரிப்பதும் கழிவைப் பற்றிய பாடம் ஆகா. ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் மட்டும் அப்பாடம் ஆகிவிடா. ஒரு பொருள் கழிவாக மாறுமா, மாறாதா என்பது பெரும்பாலும் அதைச் செய்யும்போதும் வாங்கும்போதுமே முடிவாகி விடுகிறது. மாணாக்கருக்கு அவ்விடத்தைக் காட்டிக் கொடுப்பதே உண்மையான பாடமாகும். இதில் ஆசிரியருக்கு எவ்வளவு பொறுப்பு உண்டோ அவ்வளவு பொறுப்பு பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் உண்டு. ஏன் என்பதைக் கீழே காண்போம்.

முன்னோர் வழியும் குமரப்பா காட்டிய வேறுபாடும்

நம் பாட்டனார் காலத்துக் கிராமத்தில் குப்பை என்ற சொல் எருவையே குறித்தது. வீட்டுக்கு வீடு குப்பைக் குழி இருந்தது. அது ஒரு சொத்து. சித்திரை வைகாசியில் அக்குழியிலிருந்து வண்டி வண்டியாக எரு வயலுக்குச் சென்றது. அக்காலத்து மக்கள் நம்மினும் ஒழுக்கத்தில் உயர்ந்தவர்கள் என்பது இதன் காரணம் அன்று. அவர்கள் பயன்படுத்திய மண், மரம், ஓலை, நார், பருத்தி ஆகியவை மண்ணுக்குத் திரும்பக் கூடியவையாக இருந்தன, அவ்வளவே. அக்காலத்துக் கிராமத்தில் காலராவும் கொக்கிப்புழுவும் இருந்தன என்பதையும் மறந்துவிடலாகாது. எனவே பழமைக்குத் திரும்புக என்று பிள்ளைகளுக்குச் சொல்வது பயன் தராது. பழைய பொருள்களில் அடங்கியிருந்த அறிவை இன்றைய பொருள்களுக்கு எவ்வாறு ஏற்றுவது என்று கேட்கச் செய்வதே பயன் தரும்.

இதனைத் தெளிவாகச் சிந்தித்தவர் ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்று, 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைக் காந்தியடிகளின் விருப்பப்படி நடத்தியவர் அவர். தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்து 1960-இல் மறைந்தார். இயற்கைச் செல்வத்தை அவர் இரு வகையாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை ஒருமுறை தேங்கிக் கிடப்பவை. எடுக்க எடுக்கக் குறைந்து ஒரு நாள் தீர்ந்து போகும். மழை, மரம், தானியம், கால்நடை ஆகியவை ஓடிக்கொண்டே இருப்பவை. அளவறிந்து எடுத்தால் மீண்டும் வரும். கிராமத் தொழில் இயன்ற வரையில் இரண்டாம் வகையைச் சார்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏரிப் பாசனத்தை அறிந்த நமது விவசாயிக்கு இவ்வேறுபாட்டை விளக்க நெடுநேரம் ஆகாது. வருகால் அடைபட்ட ஏரியில் இருக்கும் நீரை மட்டும் இறைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவார்.

1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தின் உயிர்நிலையும் இதுவே. கைத்தொழில் ஒன்றை நடுவில் வைத்து, கணக்கு, விஞ்ஞானம், மொழி ஆகிய பாடங்களை அதனோடு இணைத்துக் கற்பிக்கலாம் என்று அத்திட்டம் கூறியது. ஆதாரப் பள்ளிகள் நம் மாநிலத்தில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. நூற்பு ஒன்றையே எல்லா ஊருக்கும் உரிய தொழிலாகப் பல இடங்களில் வைத்தது ஒரு குறை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆனால் இணைத்துக் கற்பிக்கும் முறை இன்றும் பழுதற்றது. நூற்புக்குப் பதிலாகப் பள்ளியின் சொந்தக் கழிவையே நடுவில் வைத்துப் பார்க்கலாம்.

நிறுத்துப் பார்த்தல்

முதற் பாடத்திற்கு வேண்டியவை ஒரு தொங்கு தராசு, நான்கு சாக்குகள், ஒரு நோட்டுப் புத்தகம். பள்ளியில் ஒரு நாளில் சேரும் கழிவைச் சருகு, சமையற்கூடத்துக் கழிவும் உணவு மிச்சமும், காகிதம், பிளாஸ்டிக் முதலிய பிற என நான்காகப் பிரித்து நிறுத்து எழுத வேண்டும். ஒரு நாள் போதாது. பள்ளி நடக்கும் பத்து நாள்களேனும் இடைவிடாமல் எழுதினால்தான் உண்மை தெரியும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இக்கணக்கைச் சதவீதமாகவும் வரைபடமாகவும் ஆக்கலாம். வயதில் சிறிய பிள்ளைகள் மிட்டாய் உறைகளை எண்ணினால் போதும். எடையில் சருகும் சமையற் கழிவும் மிகுந்திருக்கும். எண்ணிக்கையில் உறைகள் மிகுந்திருக்கும். இவ்வேறுபாடே ஒரு நல்ல பாடம். எடை மிகுந்ததை மண் ஏற்றுக்கொள்ளும். எடை இல்லாததை மண் ஏற்றுக்கொள்ளாது.

முட்டை ஓட்டை எடுத்துக்கொள்வோம். சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை வழங்கப்படுகிறது. ஓர் ஓட்டின் எடை ஏறக்குறைய 5 கிராம். 100 பிள்ளைகள் உண்ணும் பள்ளியில் நாளொன்றுக்கு அரைக் கிலோ. 200 நாள்களில் 100 கிலோ. அதில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. உலர்த்திப் பொடித்து எருவில் கலந்தால், அமில இயல்புள்ள செம்மண் நிலத்திற்கு அது உதவும். நொடியில் கரையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெல்ல மெல்லத்தான் பயன் தரும்.

உணவு மிச்சத்தின் கணக்கில் வேறொரு நுட்பம் உண்டு. எவ்வளவு மிஞ்சியது என்பதைக் காட்டிலும் எந்தக் கிழமையில் மிஞ்சியது என்பது முக்கியமானது. ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் மிச்சம் ஏறினால், அன்றைய உணவு வேகவில்லையா, தாமதமாக வந்ததா, பிள்ளைகளின் வருகை குறைந்தும் அரிசியின் அளவு குறைக்கப்படவில்லையா என்று சமையலரோடு அமர்ந்து ஆராயலாம். பிள்ளையின் தட்டைப் பார்த்து அதட்டுவதால் இம்மிச்சம் குறையாது. அதட்டலுக்கு அஞ்சிய பிள்ளை தட்டை ஒளித்துக் கொட்டும், கணக்கும் பொய்யாகிவிடும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழிவைத் தொடுவதும் பிரிப்பதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்துச் சமமாக வர வேண்டும். ஆசிரியரின் பிள்ளையும் அப்பள்ளியில் பயின்றால் அதற்கும் முறை வர வேண்டும். குப்பை அள்ளுவது இன்ன தெருப் பிள்ளைகளின் வேலை, பெருக்குவது பெண் பிள்ளைகளின் வேலை என்று ஒரு நாள் வழக்கம் ஏற்பட்டுவிட்டாலும், அது கழிவைப் பற்றிய பாடம் ஆகாது. பழைய கொடுமையைப் புதிய பெயரில் கற்பிப்பதாகும். தலைமை ஆசிரியர் இதைக் கவனியாவிடின் பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோர் கேட்டாக வேண்டும். கழிவறை சுத்தம் செய்தல் எந்தப் பிள்ளைக்கும் உரிய வேலை அன்று. உடைந்த கண்ணாடி, மருந்துக் கழிவு, ஊசி ஆகியவற்றை எந்தப் பிள்ளையும் தொடலாகாது. கையுறை வாங்கும் செலவு பெரிதன்று.

பிரித்துப் பார்த்தல்

இரண்டாம் பாடத்திற்கு ஊர்த் தச்சரை ஆசிரியராக அழைக்கலாம். பழைய மாட்டு வண்டிச் சக்கரம் ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வட்டைகள், வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை, சக்கரம் அச்சைவிட்டுக் கழன்று விழாமல் காக்கும் கடையாணி. ஓர் ஆரக்கால் முறிந்தால் அந்த ஒன்றை மாற்றலாம். பட்டை தேய்ந்தால் காய்ச்சிப் புதிய பட்டை போடலாம். வண்டியே முழுதும் பயனற்றுப்போனால் மரம் அடுப்புக்கும் இரும்பு உலைக்களத்திற்கும் போகும். கயிற்றுக் கட்டிலும் அப்படியே. கயிறு அறுந்தால் கயிற்றை மட்டும் மாற்றிப் பின்னுகிறோம், சட்டத்தை எறிவதில்லை.

இதன் பக்கத்தில் கால் முறிந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வையுங்கள். ஒரே அச்சில் வார்த்தது ஆதலால் ஒரு கால் போனால் முழு நாற்காலியும் போயிற்று. ஆயினும் அது ஒரே வகைப் பொருளால் ஆனது. காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், உருக்கி வேறொன்று செய்யலாம். மூன்றாவதாக ஒரு வறுவல் உறையை வையுங்கள். பளபளக்கும் அவ்வுறை, பிளாஸ்டிக் ஏடுகளையும் மெல்லிய அலுமினியப் பூச்சையும் ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. காற்றும் ஈரமும் ஒளியும் உட்புகாமல் தடுத்து வறுவலை நமத்துப் போகாமல் காப்பதற்காக அவ்வாறு செய்கிறார்கள். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் ஏடுகளை மீண்டும் பிரித்தெடுப்பது அரிது. ஆகவே அதைக் காயலான் கடைக்காரரும் வாங்குவதில்லை. சில நாள் காக்க வேண்டிய ஒரு தின்பண்டத்திற்காகத் தலைமுறைகள் கடந்தும் அழியாத உறை ஒன்று செய்யப்படுகிறது.

இம்மூன்றையும் பார்த்த பிள்ளைகள் எப்பொருளை எடுத்தாலும் சில கேள்விகள் கேட்கப் பழகுவார்கள். இது எதனால் ஆனது? பழுதுபட்ட பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா? சேர்த்ததைப் பிரிக்க முடியுமா? பயன் முடிந்த பின் எங்கே போகும்? பொறியியற் கல்லூரிகளில் நீடித்த வடிவமைப்பு என்ற பெயரில் கற்பிக்கப்படுவதன் தொடக்கம் இக்கேள்விகளே.

பள்ளி வாயிலிலுள்ள பெட்டிக் கடைக்காரரை இதில் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை. கடலை மிட்டாயும் பொரி உருண்டையும் கண்ணாடி ஜாடியில் வைத்து எண்ணிக் கொடுத்தால் உறையே வேண்டியதில்லை என்று பிள்ளைகள் தாமே அவரிடம் எடுத்துச் சொல்லலாம். பிள்ளைகள் வாங்குவதை அவர் விற்பார்.

செய்து பார்த்தல்

நிறுத்தும் பிரித்தும் பார்த்த பிறகு, பள்ளியில் ஏதேனும் ஒன்றைப் பிள்ளைகள் மாற்றி அமைக்க வேண்டும். ஒன்று போதும், ஆனால் அது உண்மையாகப் பயன்படுவதாக இருக்க வேண்டும். அட்டையில் செய்த மாதிரி கண்காட்சியோடு குப்பைக்குப் போகிறது. அதுவும் ஒரு கழிவே.

கை கழுவும் நீர் மிக நல்ல தொடக்கம். 12 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். எடுத்துக்காட்டாக 2 நிமிடம் ஆனால் அக்குழாய் நிமிடத்திற்கு 6 லிட்டர் தருகிறது. ஒரு பிள்ளை கை கழுவ அரை நிமிடம் திறந்து வைத்தால் 3 லிட்டர். 100 பிள்ளைகளுக்கு 300 லிட்டர். அதே பிள்ளைக்குச் சிறு செம்பில் அரை லிட்டர் கொடுத்துப் பார்த்தால் கை சுத்தமாகிவிடும். 100 பிள்ளைகளுக்கு 50 லிட்டரே. ஒரு வேளைக்கு 250 லிட்டர் மிச்சம். 200 நாள்களில் அது 50,000 லிட்டர். இந்நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் மின் கட்டணத்தைப் பஞ்சாயத்தே செலுத்துகிறது என்பதை உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி வடிவமைப்பு வருகிறது. செம்பு வைத்தால் கை மாறிக் கை மாறி அழுக்காகும், காணாமலும் போகும். குழாய்த் திருகைச் சிறிதளவே திறக்கச் சொன்னால் பிள்ளைகள் மறப்பார்கள். நீண்ட குழாய் ஒன்றில் வரிசையாகச் சிறு துளைகள் இட்டு, ஒரே திருகால் திறந்து மூடினால் என்ன? ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகள் கழுவலாம். ஆனால் பத்து இடத்திலும் பிள்ளை நில்லாதபோது நீர் வீணாகும். துளை எவ்வளவு சிறிதாக இருக்கலாம்? அடைத்துக்கொள்ளுமா? வயதில் சிறிய பிள்ளைக்கு எட்டும் உயரம் எது? இவ்விவாதத்தை ஆசிரியர் விரைந்து முடித்துவிடலாகாது. விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளைகள் கற்பது குழாய் வேலை மட்டுமே. கழுவிய நீர் தேங்கிக் கொசு வளர்க்காமல் வாழைப் பாத்திக்கோ கீரைப் பாத்திக்கோ போக வாய்க்கால் வெட்டுவதும் இவ்வேலையின் ஒரு பகுதியாகும். வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டுவதை நம் விவசாயி கற்பிப்பதைப்போல் வேறெவரும் கற்பிக்க முடியாது.

கட்டட வேலை நடக்கும் ஊரில் இன்னொரு பயிற்சி செய்யலாம். லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-இல் இந்தியாவுக்குத் தொழுநோயாளர் பணிக்காக வந்து, பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் குடியேறி 2007-இல் மறைந்தார். செங்கலைப் படுக்கையாக வையாமல் பக்கவாட்டில் நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரவலாக்கினார். ஒன்பது அங்குலச் சுவரின் கனம் மாறாது, செங்கல் ஏறக்குறைய கால்வாசி குறையும், கலவையும் குறையும், நடுவிலுள்ள வெற்றிடம் வெயிலின் வெப்பம் உட்புகுவதைத் தாமதப்படுத்தும். கொத்தனாரை அழைத்து, மணல் பரப்பிய தரையில் கலவையின்றி இரு முறையிலும் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரை அடுக்கச் செய்து, பிள்ளைகள் செங்கலை எண்ணிப் பார்க்கட்டும். கணக்கு வகுப்பில் கன அளவு பற்றி ஒரு மாதம் கற்பிப்பதை அந்த ஒரு மணி நேரம் விளக்கிவிடும். செங்கல் அளவு ஒத்திருக்க வேண்டும், மூலைகளையும் அடித்தளத்தையும் கெட்டியாகவே கட்ட வேண்டும், பழகிய கொத்தனார் வேண்டும் ஆகிய வரம்புகளும் இதற்கு உண்டு. அவற்றையும் கொத்தனாரே சொல்லட்டும்.

செங்கல் எங்கிருந்து வருகிறது என்று அடுத்துக் கேளுங்கள். வயலின் மேல்மண்ணிலிருந்தும் ஏரி வண்டலிலிருந்தும் வருகிறது. சூளைக்கு விற்ற வயலில் முன்போல் விளைவதில்லை என்பதை எந்த விவசாயிக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுவரில் மிச்சமாகும் கால்வாசிச் செங்கல், அவ்வளவு மண்ணும் அதைச் சுடும் விறகும் மிச்சமாவதைக் குறிக்கும்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியது

பிள்ளைகள் கணக்கெடுத்து, காரணம் கண்டு, மாற்று வழியும் சொன்ன பிறகு பெரியவர்கள் கைகட்டி இருந்தால் அதுவும் ஒரு பாடமாகவே பதியும்: பள்ளியில் சொல்வது வேறு, ஊரில் நடப்பது வேறு என்ற பாடம். அதைப் போன்ற கேடு வேறில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுள் 14 வகைகளுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கப்பெற்றது. இவற்றைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அதே பிள்ளைகள் கிராம சபைக் கூட்டத்திற்கு வந்து, தேநீர் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையில் வழங்கப்படுவதையும் மேசை மீது சிறு நீர்ப் புட்டிகள் வரிசையாக நிற்பதையும் பார்த்தால் என்ன எண்ணுவார்கள்? ஐம்பது எவர்சில்வர் டம்ளர்களும் ஒரு தண்ணீர்ப் பானையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருந்தால், கூட்டத்திற்கு மட்டுமன்றி ஊர் விசேஷங்களுக்கும் கொடுத்து வாங்கலாம்.

இது பள்ளியோடு நிற்கும் செய்தியும் அன்று. தெருவில் எறிந்த பாலிதீன் பையை உணவு மிச்சத்தோடு பசு விழுங்குகிறது. முதல் இரைப்பையில் அது செரியாமல் தங்கி, சிக்கித் திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளுகிறது. வயிறு நிறைந்திருப்பதுபோல் தோன்றும் பசு உள்ளுக்குள் பட்டினியால் மெலிகிறது; பால் வற்றுகிறது; சில வேளைகளில் அறுவை செய்தாலன்றி உயிர் தங்காது. அதே பைகள் மழைக்காலத்தில் வாய்க்காலில் வந்து மதகின் வாயை அடைக்கின்றன. கடைமடை விவசாயிக்கு நீர் வராததற்குக் காரணம் மேல்மடைக்காரர்தான் என்று பூசல் எழும் இடத்தில், மதகடியைத் தோண்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் கிடப்பதும் உண்டு.

ஆகவே பிள்ளைகளின் கணக்கைக் கிராம சபையில் வாசிக்கச் செய்யலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கிராம சபை கூட்ட ஏற்பாடு செய்யப்பட்டது. பள்ளி ஜூனில் திறக்கிறது. இரண்டு மாதம் நிறுத்தும் அளந்தும் பார்த்தால் ஆகஸ்டுக் கூட்டத்தில் வாசிக்கலாம். வாசித்தவுடன் கைதட்டி அனுப்பிவிடாமல் ஒரு தீர்மானமேனும் நிறைவேற்ற வேண்டும்: குழாய் மாற்ற இவ்வளவு தொகை, எருக்குழிக்கு இவ்விடம், இன்ன நாளுக்குள் என்று. அடுத்த கூட்டத்தில் அது நடந்ததா என்று அதே பிள்ளைகள் கேட்கட்டும். தூய்மைக் காவலர்களையும் அக்கூட்டத்தில் பேசச் சொல்ல வேண்டும். எந்தத் தெருவில் என்ன கழிவு எவ்வளவு வருகிறது என்பது ஊரில் அவர்களைவிட எவருக்கும் அதிகம் தெரியாது.

எருக் குவியல்

கடைசியாக, எடையில் மிகுந்த சருகும் சமையற் கழிவும் என்ன ஆக வேண்டும் என்பதைக் கூறுவோம். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து, நம் நாட்டு விவசாயிகளிடமும் சீன விவசாயிகளின் வழக்கத்திலிருந்தும் கற்றுக்கொண்டு ஒழுங்குபடுத்திய முறை இன்றும் பயன்படுகிறது. உலர்ந்த சருகு ஒரு சாண், அதன் மேல் சமையற் கழிவு நான்கு விரல், அதன் மேல் சாணக் கரைசல் தெளிப்பு, மீண்டும் சருகு என்று அடுக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் சூடு தங்கும். பழைய சோறு நாயையும் எலியையும் ஈர்க்கும். அதைக் குவியலின் நடுவில் புதைக்க வேண்டும். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அறியலாம்.

சில நாள்களில் குவியல் கொதிக்கத் தொடங்கும். உள்ளே 55 முதல் 65 பாகை வரை வெப்பம் ஏறும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் அதில் மடியும். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலில் செருகிச் சற்று நேரம் கழித்து உருவி, ஆசிரியர் முதலில் தொட்டுப் பார்த்த பின் பிள்ளைகளைத் தொடச் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேலை செய்கின்றன என்பதை நம்பாத பிள்ளையும் அப்போது நம்பும். ஈரம் சரியாக உள்ளதா என்று அறிய ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை புரட்டினால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் எரு ஆகிவிடும். ஜூன் கடைசியில் அடுக்கியது புரட்டாசியில் பள்ளிக் காய்கறித் தோட்டத்திற்கு ஆகும். ஐப்பசி மழைக்கு முன் அடுத்த குவியலைத் தொடங்குவோர் அதன் மேல் தென்னங்கீற்றை வேய்ந்து, சுற்றிலும் ஒரு முழ அகலத்தில் வடிகால் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் சத்தெல்லாம் மழை நீரோடு கரைந்து ஓடிவிடும்.